மூணாறுக்கு ஒரு முழம் பூ

கொச்சி குண்டனூரில் தொடங்கும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கோதமங்கலம், நேரியமங்கலம், அடிமாலி வழியாக மூணாறுக்கு ஏறுகிறது. பின்னர் தேவிகுளம், பூப்பாறை, போடிமெட்டு ஆகிய இடங்களைக் கடந்து போடிநாயக்கனூருக்கு இறங்கி, தேனி, மதுரை வழியாகத் தொண்டி வரை செல்கிறது. எங்கள் கிளை அமைந்துள்ள தேவராவிலிருந்து பாலத்தைக் கடந்தால் குண்டனூர் வந்துவிடும். அங்கிருந்து மூணாறு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். எனவே மூணாறில் வாழும் தாய்க்கோ தங்கைக்கோ பூ அனுப்ப நினைப்பவர், எர்ணாகுளத்தில் வாங்கி ஏதேனும் ஒரு பேருந்தில் ஏற்றிவிட்டால் போதும் என்று எண்ணுவது இயல்பே.

ஆனால் பூ வரும் திசை வேறு. மூணாறு கடைத்தெருவில் நாரில் கட்டித் தொங்கும் மல்லிகை பெரும்பாலும் இதே சாலையின் மறுபுறத்திலிருந்து, தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்து மலையேறி வருகிறது. எர்ணாகுளத்தில் நாம் வாங்கும் மல்லிகையும் தமிழ்நாட்டுப் பூதான்; அது பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து சேர்கிறது. மலையின் ஒரு பக்கம் விளைந்த பூவை மறுபக்கம் இறக்கி, மீண்டும் மலைமேல் ஏற்றுவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதாகும்.

இதில் வீணாவது பணத்தைவிடப் பொழுதுதான். மல்லிகை மொட்டுகளை விடியுமுன்னரே பறிக்கிறார்கள். நிலக்கோட்டையிலும் மதுரை மாட்டுத்தாவணியிலும் காலையிலேயே விலை முடிந்து மூட்டைகள் கிளம்பிவிடும். அன்று மாலைக்குள் மொட்டு விரியத் தொடங்கும். மறுநாள் விளிம்பு பழுப்பேறும். 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, காம்பும் இதழும் தடித்திருப்பதால் மற்றவற்றைவிடச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். மலையின் குளிரில் மொட்டு விரிவது தாமதப்படும் என்பதும் ஓர் அனுகூலம். ஆயினும் காலையில் பறித்து அன்று மாலைக்குள் போடி வழியாக மூணாறு சேரும் பூவும், எர்ணாகுளத்தில் ஓர் இரவு தங்கி மறுநாள் நண்பகலில் அடிமாலி வழியாக வந்து சேரும் பூவும் ஒன்றாகா. இரண்டாவது பூவைத் தலையில் சூடுவதற்குள் அதன் ஆயுளில் பாதி கழிந்திருக்கும்.

ஆகவே பூவை அனுப்ப வேண்டாம்; பூவுக்கான உத்தரவை அனுப்புங்கள் என்பதே நான் வாடிக்கையாளர்களிடம் சொல்வது. வங்கியில் பணிபுரிவோருக்கு இது புதிய கருத்தன்று. சென்னைக் கிளையில் மாற்றத்தக்க வரைவோலை ஒன்றை இங்கு எடுத்துக் கொடுக்கும்போது, நாம் கட்டிய நோட்டுகள் சென்னைக்குப் பயணம் செய்வதில்லை. ஆணை மட்டுமே செல்கிறது. பணம் அங்குள்ள இருப்பிலிருந்து வழங்கப்படுகிறது. மட்டாஞ்சேரியில் தலைமுறைகளாக வணிகம் செய்துவரும் குஜராத்தி வணிகர்கள் அறிந்திருந்த உண்டியல் முறையும் இதுவே.

ஐரோப்பியப் பூக்கடைக்காரர்கள் இதனை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கண்டுகொண்டார்கள். 1908இல் பெர்லினில் மாக்ஸ் ஹியூப்னர் என்ற பூ வணிகர் வெவ்வேறு ஊர்களின் கடைகளை இணைத்து ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார். பின்னாளில் அது ஃப்ளூரோப் என்று பெயர் பெற்றது. 1910இல் அமெரிக்கப் பூக்கடைக்காரர்கள் தந்தி வழியாக உத்தரவுகளைப் பரிமாறிக்கொள்ளும் சங்கம் ஒன்றை அமைத்தனர். ஓர் ஊரில் பணம் பெற்ற கடை, பெறுபவரின் ஊரில் உள்ள கடைக்குத் தந்தி கொடுக்கும். அங்கிருக்கும் கடைக்காரர் தம்மிடம் உள்ள புதுப் பூவைக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பார். கடைகள் தமக்குள் பின்னர் கணக்குத் தீர்த்துக்கொள்ளும். வணிகவியல் படித்த எனக்கு, பூக்கடைக்காரர்களும் தங்களுக்கென்று ஒரு தீர்வகம் வைத்திருந்தார்கள் என்பது இன்றும் வியப்பளிக்கும் செய்தி. நம் நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டுவிட்டது. அந்த இடத்தை இப்போது கைப்பேசி நிரப்புகிறது.

மூணாறு போன்ற சிற்றூரில் பெருநகரப் பூ நிறுவனங்களின் இணையப் பக்கங்களை நம்புவது பலன் தராமல் போகலாம். அவை உத்தரவைப் பெற்று, தூரத்து நகரம் ஒன்றிலிருந்து பெட்டியை அனுப்பினால் முன்னர் சொன்ன இடரே மீண்டும் நேரும். கடைத்தெருவில் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் அன்றாடம் பூ கொடுக்கும் கடைக்காரரைப் பிடிப்பதே மேல். அவருடைய எண்ணை உறவினர் வழியாகவோ, எஸ்டேட்டில் வேலை செய்யும் நண்பர் வழியாகவோ பெற்றுக்கொள்ளுங்கள். மூணாறில் இதற்கு மொழித் தடையும் இல்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள்.

பேசும்போது மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: போடி வண்டி எத்தனை மணிக்கு வரும், அன்றைய பூவா, யார் கொண்டுபோய்க் கொடுப்பார்? பெறுபவர் ஊருக்குள் இல்லாமல் எஸ்டேட் லயத்தில் இருந்தால், கொண்டுபோகும் ஜீப் கட்டணம் பூவின் விலையைவிடக் கூடும். அதனை முன்னரே பேசி முடித்துக்கொள்வது நல்லது. மார்கழிப் பனியில் மல்லிகை வரத்துக் குறைந்து, தை மாத முகூர்த்தங்களில் கிலோ சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரங்களுக்குத் தாவுவதும் உண்டு. "இவ்வளவு ரூபாய்க்குள் எவ்வளவு வருமோ அவ்வளவு கட்டுங்கள்" என்று உச்ச வரம்பு சொல்லிவிடுவதே இரு தரப்புக்கும் நியாயம்.

பணம் செலுத்துவதில் சில எச்சரிக்கைகள். யு.பி.ஐ. வழியாகச் செலுத்துமுன் திரையில் தோன்றும் பெயர், கடைக்காரர் சொன்ன பெயர்தானா என்று பாருங்கள். தெரியாத எண்ணிலிருந்து வரும் இணைப்பைத் தொட வேண்டாம். பூ கிடைக்கவில்லை, பணத்தைத் திருப்புகிறேன் என்று சொல்லி எவரேனும் உங்கள் ரகசிய எண்ணைப் பதியச் சொன்னால், அங்கே திருட்டு நடக்கிறது என்று பொருள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் தயங்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் தெரிவியுங்கள். திறன்பேசி இல்லாதவர்களுக்காக 2022 மார்ச்சில் தொடங்கப்பட்ட யு.பி.ஐ. 123பே வசதியைச் சாதாரணக் கைப்பேசியிலேயே பயன்படுத்தலாம். எங்கள் முகப்பில் கேட்டால் செய்து காட்டுவோம்.

மல்லிகைதான் அனுப்ப வேண்டும் என்பதில்லை. செவ்வந்தியும் சம்பங்கியும் இரண்டு மூன்று நாள் தாங்கும். ஓசூர்ப் பக்கத்து ரோஜாவை மொட்டாக வாங்கி நீரில் வைத்தால் ஒரு வாரம் வரை நிற்கும். எதுவாயினும் ஈர வாழையிலையில் சுற்றச் சொல்லுங்கள்; இறுகக் கட்டிய பிளாஸ்டிக் உறையில் பூ வியர்த்துக் கறுத்துவிடும். அனுப்பவே கூடாத பூவும் ஒன்று உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சி மூணாறு மலைகளில் 2018இல் பூத்தது. அடுத்து 2030இல் பூக்க வேண்டும். அதற்காகவே 2006இல் குறிஞ்சிமலை சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதைப் பறிப்பது குற்றம். பரிசாக அனுப்புகிறேன் என்று எவரேனும் விலை பேசினால் ஏற்க வேண்டாம்.

பூ வாழ்த்துக்கு மட்டும் மலையேறுவதில்லை. மூணாறு கிறைஸ்ட் தேவாலயத்தின் குன்றில் ஆலயத்துக்கு முன்பே கல்லறை வந்தது. தோட்ட அதிகாரி ஹென்றி நைட் என்பவரின் மனைவி எலனோர் இசபெல் மே, 1894 டிசம்பரில் காலராவால் இறந்து அங்கு அடக்கம் செய்யப்பட்டார். ஆலயம் எழுந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, 1910–11இல்.

நம் காலத்துக் கல்லறைகள் ராஜமலையில் இருக்கின்றன. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, நயமக்காடு எஸ்டேட்டைச் சேர்ந்த பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டனர். மின்சாரமும் தொலைபேசியும் இல்லாததால் செய்தி வெளியே வந்தது மறுநாள் காலையில்தான். பெரியவரைப் பாலம் அடித்துச் செல்லப்பட்டிருந்ததால் மீட்புக் குழுவினர் சென்று சேர்வதும் தாமதமாயிற்று. மாண்டவர்களில் பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு வட்டாரம். கிடைத்த உடல்களை ராஜமலையில் அருகருகே புதைத்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் உறவினர்கள் மழையில் நின்று பூ வைக்கிறார்கள்.

தேவராவை ஒட்டிய வாத்துருத்தியில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் ஏராளமாகக் குடியிருக்கிறார்கள். அவர்களில் பலர் எங்கள் வாடிக்கையாளர்கள். அப்படி ஒருவர் ஜூலை இறுதியில் என் மேசைக்கு வந்தார். பெட்டிமுடியில் உறவுகளை இழந்தவர். அந்த நாளில் கூலியை விட்டுப் போக முடியாத நிலை. முந்தைய ஆண்டு எர்ணாகுளத்தில் மாலை வாங்கிப் பேருந்தில் ஏற்றி அனுப்பியிருந்தார். "நாள் ஆறாம் தேதி, சார். பூ ஏழாம் தேதி போய்ச் சேர்ந்தது" என்றார். குறை சொல்லும் குரலில்லை. கணக்கில் ஒரு நாள் பிசகியதைத் தெரிவிக்கும் குரல்தான்.

வேறொரு வழி சொன்னேன். மூணாறில் அவருக்குத் தெரிந்த ஓட்டுநர் மூலம் ஒரு பூக்கடைக்காரரைப் பேசவைத்தோம். மல்லிகை வேண்டாம் என்று சொன்னவர் அந்தக் கடைக்காரர்தான். ஆகஸ்ட் மழையில் அரை மணியில் அழுகிவிடும், சம்பங்கியும் செவ்வந்தியும் சேர்த்துக் கட்டித் தருகிறேன் என்றார். ஐந்தாம் தேதியே முன்பணம் போயிற்று. மீதியை, ஜீப்பில் போகும் உறவினர் கையில் மாலை சேர்ந்த பின் கொடுப்பதாக ஏற்பாடு. முன்பணமாகப் பாதி, பொருள் சேர்ந்த பின் பாதி என்பது பெரிய ஒப்பந்தங்களுக்கு மட்டுமான வழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். இருநூறு ரூபாய்க்கும் அது பொருந்தும்.

இந்த ஏற்பாடு அனைத்தும் சாலை திறந்திருக்கும் வரைதான். மூணாறுக்கும் பூப்பாறைக்கும் இடையிலுள்ள கேப் ரோடு மழைக்காலத்தில் அடிக்கடி மண் சரிந்து அடைபடும் பகுதி. அது மூடினால் போடிப் பூ வருவது தாமதப்படும், அல்லது வராமலே போகும். ஆகவே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பூ ஏற்பாடு செய்பவர்கள் ஒருநாள் முன்னதாகவே, தாங்கக்கூடிய பூவைச் சொல்லி வைக்க வேண்டும். வண்டி வராவிட்டால் ஊரில் பூக்கும் எதைக் கட்டலாம் என்பதையும் கடைக்காரரிடம் அப்போதே பேசிவிட வேண்டும். ஆறாம் தேதி காலையில் கடைக்காரர் படம் ஒன்று அனுப்பியிருந்தார். செவ்வந்திதான் பெரும்பங்கு, சம்பங்கி குறைவாகத்தான் வந்ததாம். வாழையிலையில் சுற்றி, ஜீப்பின் முன் இருக்கையில் வைத்திருந்தார்கள்.