பழைய உட்பொதி நுண்செயலிகளுக்கான கெர்னல் தொகுப்பு: சிம்ப்யூட்டரை முன்வைத்து

முன்னுரை

வன்பொருளுக்கும் பயன்பாட்டு மென்பொருள்களுக்கும் இடையே நின்று நினைவகம், கோப்பு, உள்ளீடு, வெளியீடு ஆகியவற்றை ஆள்வது இயங்குதளத்தின் கெர்னல் ஆகும். அதன் மூலநிரலைக் குறிப்பிட்டதொரு நுண்செயலி அறியும் பொறிமொழிக்கு மாற்றுவது தொகுத்தல் எனப்படும். பழைய கருவிகளைப் பொறுத்தவரை மூலநிரல் மட்டும் எஞ்சியிருந்தால் போதாது; அக்காலத் தொகுப்பியும் உள்ளமைவுக் கோப்பும் உடன் காக்கப்படல் வேண்டும். இக்கருத்தை இந்தியாவில் உருவான சிம்ப்யூட்டர் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

சிம்ப்யூட்டர்

பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவன அறிஞர்களும் என்கோர் மென்பொருள் நிறுவனத்தாரும் இணைந்து உருவாக்கிய இக்கையடக்கக் கணினியின் முன்மாதிரி 2001ஆம் ஆண்டு அறிமுகமானது. ஸ்மார்ட் கார்டின் துணையால் ஊரார் பலர் ஒரே கருவியைப் பகிர்ந்து பயன்படுத்தலாம் என்பது இதன் அடிப்படை எண்ணம். ஸ்ட்ராங்ஆர்ம் எஸ்.ஏ.1110 என்னும் 206 மெகாஹெர்ட்ஸ் நுண்செயலியில் லினக்ஸ் இயங்கியது.

தொகுக்கும் முறை

இத்தகைய சிறு கருவியிலேயே கெர்னலைத் தொகுத்தல் மிகுந்த காலம் பிடிக்கும். ஆதலால் ஆற்றல்மிக்க வேறொரு கணினியில் தொகுத்து, விளைந்த கோப்பைக் கருவிக்கு மாற்றுவர். இது குறுக்குத் தொகுப்பு எனப்படும். எந்த நுண்செயலி, எந்தத் திரை, எந்த நினைவகம் என்பவற்றை உள்ளமைவுக் கோப்பு வரையறுக்கிறது.

இங்கு இரண்டு இடர்ப்பாடுகள் எழுகின்றன. முதலாவது, எஸ்.ஏ.1110 ஆர்ம் நான்காம் பதிப்பைச் சார்ந்தது. துணைநிரலிலிருந்து திரும்பப் பிற்கால ஆர்ம் நிரல்கள் பயன்படுத்தும் 'பிஎக்ஸ்' கட்டளையை அது அறியாது. அக்கட்டளையை 'மூவ்' கட்டளையாக மாற்றும் விருப்பத்தேர்வு இணைப்பியில் உண்டு. இரண்டாவது, அதில் பதின்மக் கணக்கீட்டுக்கெனத் தனி வன்பொருள் இல்லை; கெர்னலிலுள்ள போலி இயக்கியோ தொகுப்பியின் நூலகமோ அப்பணியை ஏற்க வேண்டும். பயன்பாட்டு நிரல்கள் எம்முறையை எதிர்பார்த்துத் தொகுக்கப்பட்டனவோ அம்முறையே கெர்னலிலும் அமைதல் வேண்டும்.

காலப் பொருத்தம்

2001இல் வெளியான லினக்ஸ் 2.4 வரிசைக்கு ஜிசிசி 2.95.3 பரிந்துரைக்கப்பட்டது. 2021இல் வெளியான 5.15 பதிப்போ குறைந்தது ஜிசிசி 5.1 வேண்டும் என்கிறது. பழைய மூலநிரலைப் புதிய தொகுப்பி பிழையெனத் தள்ளும். புதிய மூலநிரலைப் பழைய தொகுப்பி ஏற்காது. மேலும், பராமரிப்போர் அருகும்போது கெர்னலிலிருந்தே கட்டமைப்புகள் நீக்கப்படுகின்றன. 2013இல் 3.8 பதிப்பு இன்டெல் 386ஐக் கைவிட்டது, 2018இல் 4.17 பதிப்பு எட்டுக் கட்டமைப்புகளை நீக்கியது.

முடிவுரை

பத்துப்பாட்டைப் பதிப்பிக்க உ.வே.சாமிநாதையர் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆழ்வார்திருநகரி வரை சென்று ஏடுகளைத் தேடினார். மூலத்தோடு உரையும் கிடைத்தமையாலேயே பொருள் தெளிவு பெற்றது. கெர்னலுக்குத் தொகுப்பியும் உள்ளமைவுக் கோப்பும் உரை போன்றவை. அருங்காட்சியகங்களிலும் கல்லூரி ஆய்வகங்களிலும் பழங்கருவிகளைப் பேணுவோர் இம்மூன்றையும் ஒருசேரச் சேமித்தல் வேண்டும். அவ்வாறு செய்யாவிடில், கருவி கெடாதிருந்தும் அதனை இயக்க இயலாத நிலை உருவாகும்.