சரக்கு வரும் வழி எத்தனை? துறைமுகக் குமாஸ்தா பெயரில் ஒரு கணக்கு



டோல்கேட் வியாபாரிகளுக்கு நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் திருவொற்றியூர் நெடுஞ்சாலை, இன்னொரு பக்கம் கடலோரமாக எண்ணூர் விரைவுச் சாலை. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால், காலையில் இறங்க வேண்டிய மூட்டை மாலையில்தான் இறங்கும். அன்று ஒரே மண்டியை நம்பியிருப்பவர் வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவார். வேறு வழியும் வைத்திருப்பவர் வியாபாரத்தைக் கவனிப்பார். அப்படியானால் ஒரு கடைக்கு எத்தனை வழி இருந்தால் போதும்? இதைக் கணித மேதைகள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அதில் நம் துறைமுகத்தில் கணக்கு எழுதிய ஒருவரின் பெயர் நிலைத்திருக்கிறது.

சீனிவாச ராமானுஜன் 1912 மார்ச் 1ஆம் தேதி சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய். தலைவராக இருந்தவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். ராமானுஜனின் திறமையை அறிந்து ஆதரித்த மேலதிகாரி எஸ். நாராயண ஐயர். அந்த வேலையில் இருந்தபோதுதான், 1913 ஜனவரியில், கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு ராமானுஜன் கடிதம் எழுதினார். 1914 மார்ச்சில் கப்பலேறினார். 1916இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில், எண்களைப் பற்றி நிரூபணம் இல்லாத ஊகம் ஒன்றும் இருந்தது. அதை 1974இல் பியர் டெலிஞ் என்பவர் நிரூபித்தார். அந்த எண் கணக்குக்கும் நம் சரக்கு லாரிக்கும் என்ன உறவு என்பதைப் பிறகு பார்ப்போம்.

‘கிராஃப்’ என்றதும் தங்கம் விலை ஏறி இறங்குவதைக் காட்டும் கோடு நினைவுக்கு வரும். இங்கே சொல்வது அதுவல்ல. கடைகளைப் புள்ளிகளாக வைத்து, கொடுக்கல் வாங்கல் உள்ள இரு கடைகளுக்கு இடையே ஒரு கோடு போட்டால் கிடைக்கும் படத்துக்கும் கணிதத்தில் அதே பெயர்தான்.

நூறு கடைகள் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் எல்லோரோடும் வரவு செலவு வைக்க வேண்டுமானால் 4,950 கோடுகள் தேவை. யாருக்கும் கட்டுப்படியாகாது. நடுவில் ஒரு பெரிய மண்டி, மற்ற 99 பேரும் அதோடு மட்டும் என்றால் 99 கோடுகளே போதும். மலிவான ஏற்பாடு. ஆனால் நடுப்புள்ளி விழுந்தால் 99 பேரும் தனித்தனி. இதை நாம் கண்ணால் பார்த்தோம். கொத்தவால் சாவடியிலிருந்து காய்கறி மொத்த வியாபாரம் 1996இல் கோயம்பேட்டுக்குப் போனது. 2020 மே மாதம் கொரோனா பரவலால் கோயம்பேடு மூடப்பட்டபோது நகரம் முழுவதும் காய்கறி வரத்து தடுமாறியது. திருமழிசையில் தற்காலிகச் சந்தை போட்டுத்தான் நிலைமையைச் சமாளிக்க வேண்டியிருந்தது.

யாரும் திட்டமிடாமல், குருட்டுவாக்கில் கோடுகள் போட்டால் என்ன ஆகும்? ஹங்கேரி நாட்டின் பால் எர்டோஷ், ஆல்பிரெட் ரென்யி இருவரும் 1959-60இல் இதை ஆராய்ந்தார்கள். நீங்களும் செய்து பார்க்கலாம். நூறு கடைகளின் பெயரைச் சீட்டில் எழுதிக் குடத்தில் போடுங்கள். (பாரபட்சம் இல்லாமல் ஆள் எடுக்கக் குடவோலை முறை வகுத்ததை உத்திரமேரூர்க் கல்வெட்டில் பொறித்து வைத்தவர்கள் நம் முன்னோர்.) இரண்டு சீட்டு எடுங்கள், அந்த இரு கடைகளுக்கும் ஒரு கோடு, சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்குங்கள். இருபத்தைந்து கோடு வரை இரண்டும் மூன்றுமாகச் சின்னச் சின்னக் கூட்டங்களே தெரியும். ஐம்பதைத் தாண்டியதும் சிறு கூட்டங்கள் மளமளவென்று ஒன்று சேர ஆரம்பிக்கும். நூறு கோடு போடும்போது ஏறக்குறைய எண்பது கடைகள் ஒரே கூட்டத்தில் இருக்கும். ஆனால் கடைசி ஒற்றைக் கடையும் சேர வேண்டுமென்றால் கோடுகள் 230 அளவுக்குப் போக வேண்டும்.

அந்த ஐம்பது என்ற எல்லைக்குக் காரணம் எளிது. அப்போது கடைக்குச் சராசரியாக ஒரு கோடு. அதற்குக் குறைந்தால் தொடர்ச்சி அறுந்துபோகும்; கூடினால் படரும். கடன் விவகாரத்திலும் இதே எல்லை உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவர் நொடித்துப்போனால் அவரிடம் பாக்கி நிற்கும் கடைகளில் சராசரியாக ஒன்றுக்கும் குறைவானதே கவிழும் என்றால், சேதம் சிறிது தூரத்தில் அடங்கிவிடும். ஒன்றுக்கு மேல் கவிழும் என்றால் செக் திரும்புவது கடைவீதி முழுக்கப் பரவக்கூடும். ஒரே ஆளுக்குப் பெருந்தொகை கடன் நிறுத்தாதே என்று பெரியவர்கள் சொன்னதன் கணக்கு இதுதான் என்பது நம் எண்ணம்.

இப்போது ஒவ்வொரு கடைக்கும் சரியாக மூன்று கோடுகள் என்று வைப்போம். நூறு கடைக்கு 150 கோடுகள். ஒரு கடையிலிருந்து முதல் அடியில் 3 கடை, அடுத்து 6, 12, 24, 48. ஐந்து அடியில் அதிகபட்சம் 93 கடைகளை எட்டலாம். நடைமுறையில் சில கடைகள் திரும்ப வரும் என்பதால், எல்லோரையும் எட்ட ஏழெட்டு அடியாகலாம். இதுவே கடைகளை வட்டமாகக் கோத்துப் பக்கத்துக் கடையோடு மட்டும் தொடர்பு வைத்தால் எதிர்க் கடைக்குப் போக 50 அடி.

மூன்று கோடுகளை எப்படிப் போட்டால் எந்த இடத்திலும் கழுத்து நெரியாது? இதற்கு அளவுகோலாக ஓர் எண் இருக்கிறது. விலையை வைத்தே சொல்லலாம். தினமும் ஒவ்வொரு கடையும் தன்னோடு தொடர்புள்ள கடைகளின் சராசரி விலையைத் தன் விலையாக வைக்கிறது என்று கொள்வோம். வட்டத்தில் ஒரு கோடிக்கும் எதிர்க்கோடிக்கும் இடையே பத்து ரூபாய் வித்தியாசம் படிப்படியாக இருந்தால், இருபது நாள் கழித்தும் அதில் பெரும்பகுதி அப்படியே நிற்கும். மூன்று கோடுகளைச் சிறப்பாகப் போட்ட வலையில் வித்தியாசம் நாளொன்றுக்குச் சுமார் 94 சதவீதமாகவோ அதற்குக் கீழாகவோ தேயும்; இருபது நாளில் சராசரியாக மூன்று ரூபாய் அளவுக்குள் அடங்கும். பெரிய வலை எதுவும் இதைவிடக் கணிசமாக வேகமாகச் சமனாக முடியாது என்பதும் நிரூபணமான விஷயம்.

இந்த உச்ச அளவை எட்டும் வலைகளை 1988இல் லுபோட்ஸ்கி, பிலிப்ஸ், சார்நக் மூவரும் கட்டிக் காட்டினார்கள். ராமானுஜன் ஊகத்தின் வழிவந்த ஒரு முடிவைக் கொண்டே கட்டியதால் ‘ராமானுஜன் கிராஃப்’ என்று பெயரிட்டார்கள். ராமானுஜன் இப்படி ஒரு வலையை வரைந்தவர் அல்ல. எண்களைப் பற்றி அவர் கண்டது, அவர் மறைந்து 68 ஆண்டுகளுக்குப் பின் இங்கே உதவியது.

சுவையான பகுதி இனிமேல்தான். இவ்வளவு பாடுபட்டுக் கட்ட வேண்டுமா, சீட்டுக் குலுக்கினாலே கிடைத்துவிடுமா? 1980களின் இறுதியில் நோகா அலோன் என்ற அறிஞரும் சார்நக்கும் பந்தயம் கட்டினார்கள். குலுக்கிப் போட்ட வலைகளில் ஏறக்குறைய எல்லாமே ராமானுஜன் வலையாக இருக்கும் என்றார் அலோன். அபூர்வமாகவே இருக்கும் என்றார் சார்நக். 2024 டிசம்பரில் ஹுவாங், மெக்கென்சி, யாவ் மூவரும் விடை சொன்னார்கள்: பெரிய வலைகளில் சுமார் 69 சதவீதம். இருவருக்கும் வெற்றியில்லை!

நம் வீதிக் கடைகள் சீட்டுக் குலுக்கித் தொடர்பு பிடிப்பதில்லை. சொந்தக்காரர், ஊர்க்காரர், பழகியவர் என்றே போகிறோம். அதனால் மூன்று கோடு இருப்பதாக நினைத்திருந்தாலும் உண்மையில் ஒன்றுதான் இருக்கக்கூடும். மூன்று மொத்த வியாபாரிகளும் ஒரே கிட்டங்கியிலிருந்து எடுக்கிறார்களா? மூவரின் வண்டியும் ஒரே சாலையில்தான் வருகிறதா? அப்படியானால் அது மூன்று பெயரில் ஒரு கோடு. ஒரு வழி ஜார்ஜ் டவுனிலிருந்து ராயபுரம் வழியாக வந்தால், மற்றொன்று மணலிப் பக்கமிருந்தோ மாதவரத்திலிருந்தோ வருவதாக இருக்கட்டும். அங்கே மூட்டைக்கு நாலைந்து ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் மாதம் ஒரு தடவையாவது கொள்முதல் செய்து கணக்கை உயிரோடு வைத்திருப்பது லாபமே என்பது நம் அபிப்பிராயம்.

பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் உங்கள் கடையையும், சரக்குத் தருவோரையும், அவர்களுக்குத் தருவோரையும் புள்ளியிட்டுக் கோடு போட்டுப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு புள்ளியாகக் கட்டைவிரலால் மறைத்து, உங்கள் கடைக்கு இன்னும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் புள்ளியை மறைக்கும்போது வழி அறுகிறதோ, அந்தப் பெயரை வட்டமிட்டு வையுங்கள்.