ஆர்டர் படிவத்தில் பிறந்த கார்கள்

1969 மாடல் ஷெவர்லே கமாரோ 2,40,000-க்கும் மேல் தயாரானது. அவற்றில் வெறும் 69 கார்களைத்தான் சேகரிப்பாளர்கள் உயிரைக் கொடுத்துத் தேடுகிறார்கள். அதே உடம்பு, அதே கண்ணாடி, அதே கதவுதான். வித்தியாசம் எங்கே வந்தது என்று கேட்டால், கொஞ்சம் நிதானமாகத்தான் சொல்ல வேண்டும். டீயை ஊற்றிக்கொள்ளுங்கள்.

அன்றைய அமெரிக்காவில் பலர் கார் வாங்கியது, தையற்காரரிடம் அளவு கொடுத்துச் சட்டை தைத்துக்கொள்வதுபோலத்தான். டீலர் ஒரு படிவத்தை நீட்டுவார். இன்ஜின், கியர்பாக்ஸ், பின் அச்சின் பல் விகிதம், நிறம், இருக்கைத் துணி, ரேடியோ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு, ஒரு விலை. வேண்டியதைக் குறித்தால் தொழிற்சாலை அப்படியே செய்து அனுப்பும். 1964இல் மசில் கார் (பெரிய இன்ஜின் பொருத்திய வேகக் கார்) மோகத்தைக் கிளப்பிவிட்ட பாண்டியாக் ஜிடிஓகூட முதலில் தனி மாடல் அல்ல. டெம்பெஸ்ட் லெமான்ஸ் காரோடு சுமார் 300 டாலர் கூடுதலாகக் கொடுத்து வாங்கிய ஆப்ஷன்தான்.

இனி அந்த 69 கார்கள். ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குத்தானே ஒரு கட்டுப்பாடு போட்டிருந்தது: கமாரோ அளவுள்ள கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இன்ஜின் கூடாது. ஆனால் ஷெவர்லேயில் ‘கோப்போ’ என்றொரு தனி ஆர்டர் வழி இருந்தது. டாக்ஸி நிறுவனங்களும் காவல்துறையும் வழக்கமான பட்டியலில் இல்லாத நிறத்தையோ பாகத்தையோ மொத்தமாகக் கேட்கும்போது தலைமை அலுவலகம் வழியாகப் போகும் ஆர்டர் அது. ஷெவர்லேயில் பந்தயக்காரர்களுக்குத் துணைநின்ற பொறியாளர் வின்ஸ் பிக்கின்ஸ் இந்த வழியைப் பயன்படுத்திக்கொண்டார். இல்லினாய் மாநிலத்தின் லா ஹார்ப் என்ற சிற்றூரில் டீலராக இருந்த ஃப்ரெட் கிப், டிராக் பந்தய விதிக்குத் தேவையான 50 கார்களையும் தன் பெயரிலேயே ஆர்டர் செய்தார். மீதியை மற்ற டீலர்கள் ஆர்டர் செய்தார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த மனிதர் அவர்தான். ஒரு சிற்றூர் டீலர் எடுத்த அந்தத் துணிச்சல் இல்லையென்றால் இந்தக் கார்களே இல்லை.

கோப்போ 9560 என்ற எண்ணில் வந்த அந்தக் கார்களில் இசட்எல்1 இன்ஜின் இருந்தது. 427 கன அங்குலம், அதாவது 7 லிட்டர். பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம் என்பதால், அத்தனை பெரிய இன்ஜின் சிறிய வி8 அளவுக்கே எடை இருந்தது. காகிதத்தில் 430 குதிரைத் திறன் என்று எழுதினார்கள். உண்மையில் 500-ஐத் தாண்டும்.

விலைதான் இடித்தது. சாதாரண வி8 கமாரோ 2,727 டாலர். இந்த இன்ஜினுக்கு மட்டும் கூடுதலாக 4,160 டாலர். எல்லாம் சேர்த்து 7,200 டாலரை ஒட்டி வந்தது. ஷெவர்லேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டின் அடிப்படை விலையைவிட மிக அதிகம். கிப்பால் விற்க முடியவில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட கார்களை நிறுவனம் திரும்ப எடுத்து மற்ற டீலர்களுக்கு அனுப்பியது. அங்கும் சில கார்கள் நெடுநாள் விலைபோகாமல் நின்றன. அபூர்வம் என்று இன்று நாம் கொண்டாடும் கார்களில் பெரும்பாலானவை இப்படி வாங்க ஆளில்லாமல் அருகிப்போனவைதான். உதாரணமாக, 1970இல் பிளைமவுத் குடா கன்வெர்ட்டிபிளில் ஹெமி இன்ஜினுக்கு 871 டாலர் கூடுதல். அமெரிக்க, கனடியச் சந்தைகளுக்கு 14 கார்களே தயாராயின. அடுத்த ஆண்டு அதைவிடக் குறைவு. அந்த 1971 மாடல் கார் ஒன்று 2014 ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது.

இவ்வளவு பணம் புரளும் இடத்தில் போலியும் வரும். பிளைமவுத்தைத் தயாரித்த கிரைஸ்லரின் கார்களில் கண்டுபிடிப்பது கொஞ்சம் எளிது: 1970, 1971 மாடல்களில் வண்டி எண்ணின் ஐந்தாவது இடத்தில் ‘ஆர்’ என்ற எழுத்து இருந்தால் ஹெமி. தொழிற்சாலையில் பயன்படுத்திய பாகப் பட்டியல் தாள் பல கார்களில் இருக்கையின் சுருள் கம்பிகளுக்குள் மடிந்து கிடக்கும். ஃபோர்டின் 1967 மாடல் முதலான தயாரிப்புப் பதிவுகள் கிடைக்கின்றன. 1969 கமாரோவின் வண்டி எண்ணோ அது வி8 என்பதோடு நின்றுவிடும். எந்த வி8 என்று சொல்லாது. இசட்எல்1 கார்களின் வெளியில் 427 என்ற சின்னம்கூடக் கிடையாது. ஆகவே பிளாக்கில் குத்திய எண் வண்டி எண்ணோடு ஒத்துப்போகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அந்த எண்ணையும் அழித்துவிட்டுப் புதிதாகக் குத்த முடியும் என்பதால், டீலர் காலத்து விலைச்சீட்டோ ஆர்டர் தாளோ கையில் இருக்க வேண்டும். பளபளக்கும் புதுப் பெயின்டைவிட, எண்ணெய்க் கறை படிந்த அந்தத் தாளைத்தான் நான் முதலில் கேட்பேன்.