உப்புக்கு முதலில் வழி விடுங்கள்
மாடியில் ஒரு தோட்டம் – 9

கத்தரி இலையின் ஓரம் தீய்ந்து உள்பக்கம் சுருண்டிருக்கும். தொட்டி விளிம்பில் வெள்ளையாக ஒரு படிவு. சுரண்டி நாக்கில் வைத்தால் கரிக்கும். தூத்துக்குடியில் மாடியில் செடி வளர்ப்பவர்களுக்கு இரண்டும் பழகிய காட்சி. சத்துக் குறைச்சல் என்று நினைத்து இன்னொரு பிடி உரம் போடுகிறார்கள். எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். இந்த ஊர்த் தொட்டிச்செடி முதலில் கேட்பது உரமல்ல. சேர்ந்துபோன உப்பு வெளியேற ஒரு வழி.

உப்பளத்தில் உப்பை விளைவிக்கும் அதே வெயிலும் காற்றும்தான் மாடித் தொட்டியிலும் வேலை செய்கின்றன. ஆனி, ஆடியில் கச்சான் வீசும்போது காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் காய்ந்துவிடும். அதிலிருந்த உப்பு மட்டும் மண்ணில் தங்கும். வல்லநாட்டிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீர் என்றால் தொந்தரவு குறைவு. குழாயில் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீரை ஊற்றுகிறோம். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துத் தள்ளும் தண்ணீரையும் வீணாக்க மனமில்லாமல் செடிக்கே விடுகிறோம். இயந்திரத்துக்குள் போன தண்ணீரைவிட அதில்தான் உப்பு அதிகம். அதை வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

திரேஸ்புரத்தில் ஒரு அக்காவின் மாடிக்குப் போயிருந்தேன். "அண்ணாச்சி, தெனமும் ஒரு செம்பு ஊத்துதேன், அப்பவும் கருகுதே" என்றார். அந்த ஒரு செம்புதான் சிக்கல். மேல்மண் நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றினால் உப்பு இறங்காது. ஊற்றியதில் ஐந்தில் ஒரு பங்காவது அடித்துளை வழியே ஒழுக வேண்டும். தட்டில் தேங்கியதை உடனே கொட்டிவிட வேண்டும். விட்டுவைத்தால் மண் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

மற்ற விஷயங்களில் அந்த அக்காவிடம் நான்தான் கற்றுக்கொண்டேன். ஐஸ் மீன் வந்த தெர்மாகோல் பெட்டிகளைக் கழுவி, அடியில் ஓட்டை போட்டு, வெண்டை வைத்திருந்தார். சிமென்ட் தளத்தின் சூடு அதில் வேருக்கு ஏறுவதில்லை. பாகலுக்குப் பந்தல், கிழிந்த மீன்வலை. அதையும் நல்ல தண்ணீரில் அலசிய பிறகே கட்டியிருக்கிறார். மீன் கழுவிய தண்ணீர் செடிக்குப் போகும், கருவாடு ஊறிய தண்ணீர் சாக்கடைக்குப் போகும். யாரும் சொல்லித்தராமல் அவரே வகுத்துக்கொண்ட விதி இது.

தொட்டி மண்ணோடு கலக்கும் தென்னை நார்க்கழிவுக் கட்டியிலும் உப்பு இருக்கும். ஊறவைத்து, பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஊறவையுங்கள்.

இன்னொரு கைமருந்து உப்பளத்தோடு தொடர்புடையது. பாத்தியில் கடல்நீர் சுண்டும்போது உப்புக்கு முன்னால் ஜிப்சம் படிந்துவிடுகிறது. ஜிப்சத்திலுள்ள கால்சியம் மண்ணைப் பிடித்திருக்கும் சோடியத்தைப் பெயர்த்துவிடும். பிறகு தாராளமாக ஊற்றும் நல்ல தண்ணீர் அதைக் கழுவிக்கொண்டு போகும். அளத்திலிருந்து அப்படியே அள்ளிவராதீர்கள், அதில் உப்பும் ஒட்டியிருக்கும். உரக்கடையில் வாங்கித் தொட்டிக்கு ஒரு ஸ்பூன் கலந்தால் போதும்.

எதை நடுவது என்பதிலும் பிடிவாதம் வேண்டாம். மண்ணின் உப்பை மின்கடத்துத் திறனை வைத்து அளப்பார்கள். மீட்டருக்கு 1 டெசிசீமென்ஸைத் தாண்டினாலே பீன்ஸ் காய்ப்பது குறையத் தொடங்கும். மிளகாய் 1.5 வரையிலும், தக்காளி 2.5 வரையிலும் தாங்கும். தட்டைப்பயறு ஏறக்குறைய 5 வரை அசையாது. பீன்ஸ் போன்ற மலைக்காய்க்கு ஆசைப்பட்டுச் சோர்ந்துபோகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. தட்டைப்பயறை ஊன்றுங்கள், கொத்துக் கொத்தாகப் பறிக்கலாம்.

ஐப்பசி மழை தொடங்கியதும் தொட்டிகளை நிழல்வலைக்கு அடியிலிருந்து வெட்டவெளிக்கு நகர்த்திவிடுங்கள். மழையைப்போல உப்பைக் கழுவ வேறெதாலும் முடியாது. அளவு மீறினால் மண்ணிலிருக்கும் சத்தும் சேர்ந்தே போய்விடும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியதே, அப்படிப்பட்ட மழைக்குப் பிறகு தொட்டியில் மிஞ்சுவது வெறும் சக்கைதான். மீன் அமிலத்துக்கு அப்போதுதான் வேலை. மீன் குடல், செதிள், தலை எல்லாவற்றையும் சம எடை வெல்லத்தோடு கலந்து மூடி வைத்தால் மூன்று வாரத்துக்கு மேல் ஆகும்போது கவிச்சி போய்ப் பழவாடை வரும். வடிகட்டி, லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு வேரில் ஊற்றுங்கள்.

(தொடரும்)