உஷார்! பத்திரிகை வடிவில் வரும் கன்னக்கோல்

ராத்திரி எட்டு மணி. சித்தப்பா நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வருகிறது. 'கல்யாணப் பத்திரிகை, குடும்பத்தோடு அவசியம் வரவும்.' யார் வீட்டுக் கல்யாணம் என்று பார்க்க விரல் தானாகப் போகும். தொட்டால் பத்திரிகை திறக்காது. 'உங்கள் பாதுகாப்புக்காக, இங்கிருந்து ஆப் நிறுவ அனுமதி இல்லை' என்று போன் சொல்லும். பக்கத்திலேயே 'செட்டிங்ஸ்' பட்டன். உள்ளே போனால் ஒரே ஒரு சுவிட்ச். அதைத் தள்ளிவிட்டுப் பத்திரிகையைப் பார்த்துவிடலாம் என்றுதான் தோன்றும்.

தயவுசெய்து அங்கேயே நில்லுங்கள்! பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப்பாக வரும், வீடியோவாக வரும். ஃபைல் பெயர் 'ஏபிகே' என்று முடிந்தால் அது பத்திரிகையே இல்லை. உங்கள் போனுக்குள் குடியேற வந்திருக்கும் ஒரு ஆப். 2024 நவம்பரில் இமாச்சலப் பிரதேச சைபர் போலீஸ் இந்தக் கல்யாணப் பத்திரிகை மோசடியைப் பற்றி எச்சரித்தது. இதே ஆப் டிராஃபிக் அபராதச் சலான், பிஎம் கிசான் பணம், வங்கி கேஒய்சி என்று வேறு வேஷங்களிலும் வருகிறது.

நிறுவியதும் அது முதலில் கேட்பது எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியை. பத்திரிகைக்கு எதற்கு எஸ்எம்எஸ்? அவசரத்தில் யாரும் கேட்பதில்லை. 'அலவ்' கொடுத்த நொடியிலிருந்து உங்களுக்கு வரும் ஒவ்வொரு ஓடிபியும் திருடனுக்கும் போகிறது. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வருஷக்கணக்காகச் சொல்லி வருகிறோமே, இங்கே நீங்கள் வாயே திறக்க வேண்டாம். பணம் போய்விடும். சில ஆப்கள் 'அக்ஸஸிபிலிட்டி' அனுமதியும் கேட்கும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவ வைத்த வசதி அது. அதைக் கொடுத்தால் திரையில் இருப்பதைப் படிக்கவும், உங்களுக்குப் பதிலாகப் பட்டனை அழுத்தவும் அதனால் முடியும். எஸ்எம்எஸ்ஸில் வரும் வாட்ஸ்அப் கோடை எடுத்து உங்கள் கணக்கையும் பிடித்துக்கொள்வார்கள். அடுத்த பத்திரிகை உங்கள் பெயரில் உங்கள் குடும்ப குரூப்புக்குப் போகும். சித்தப்பா நம்பரிலிருந்து உங்களுக்கு வந்ததும் அப்படித்தான்.

என்னை அதிகம் பயமுறுத்துவது அந்த சுவிட்ச்தான். முன்பெல்லாம் போன் முழுவதற்கும் ஒரே சுவிட்ச். 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8-லிருந்து ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனி. நல்ல மாற்றம்தான். ஆனால் ஒருமுறை திறந்துவிட்டால் நாம் போய் மூடும்வரை பெரும்பாலும் திறந்தேதான் கிடக்கும். போன வருஷம் ஏதோ ஒரு விளையாட்டுக்காக வாட்ஸ்அப்புக்குக் கொடுத்த அனுமதி இன்றைக்கும் இருக்கலாம். செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்' என்று தேடிப் பாருங்கள். வாட்ஸ்அப், டெலிகிராம், குரோம், ஃபைல் மேனேஜர் எல்லாவற்றிலும் அணைத்துவிடுங்கள்.

வெளியிலிருந்து வரும் ஆப் எல்லாமே திருட்டு என்று சொல்ல மாட்டேன். பிளே ஸ்டோரிலும் களைகள் நுழைந்திருக்கின்றன. ஆனால் 2018-ல் ஃபோர்ட்நைட் விளையாட்டைத் தன் தளத்திலிருந்தே கொடுத்த எபிக் நிறுவனத்தின் இன்ஸ்டாலரிலேயே, போனில் ஏற்கெனவே இருக்கும் வேறொரு ஆப் இடையில் புகுந்து போலி ஆப்பை நிறுவ வழிவிடும் ஓட்டை இருந்தது. கூகுள் சுட்டிக்காட்டிய பிறகு அடைத்தார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி என்றால், முகம் தெரியாதவன் அனுப்பும் ஏபிகேவை எதை நம்பித் திறப்பது? ஆப்களைச் சோதிக்கும் கூகுளின் காவல்தான் பிளே புரொடெக்ட். 'அதை அணைத்துவிட்டு நிறுவுங்கள்' என்று யாராவது சொன்னால் அந்த நம்பரை உடனே பிளாக் செய்யுங்கள்.

ஏற்கெனவே நிறுவிவிட்டீர்களா? முதலில் ஏரோபிளேன் மோடைப் போடுங்கள், வைஃபையையும் அணையுங்கள். வேறு போனிலிருந்து வங்கிக்கும், சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் கூப்பிடுங்கள். வெட்கப்பட்டுக் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று மட்டும் இருக்காதீர்கள். நம் கவனக்குறைவால் போன பணமாக இருந்தாலும், வங்கியிடம் புகார் சொன்ன பிறகு ஏற்படும் இழப்பு வங்கியைச் சேர்ந்தது என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. உறவினர் குரூப்பிலும் வேறொருவர் மூலம் சொல்லிவிடுங்கள். பிறகு போனை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள்.

இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அப்பா, அம்மா போனை வாங்கி அந்த சுவிட்சைப் பாருங்கள். 1930-ஐயும் அதில் பதிந்து வையுங்கள்.