தொழுநோயாளியின் கையைப் பிடிக்க வைத்த தோல் டாக்டர்! செங்கல்பட்டில் நடந்த உண்மைக் கதை

செங்கல்பட்டை அடுத்த திருமணி. 1947-ம் ஆண்டில் ஒரு நாள்.

அங்குள்ள தொழுநோய் ஆஸ்பத்திரியின் தோட்டத்தில் இரண்டு வெள்ளைக்கார டாக்டர்கள் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் ராபர்ட் காக்ரேன். தோல் நோய் நிபுணர். இன்னொருவர் பால் பிராண்ட். எலும்பு ஆபரேஷன் டாக்டர்.

வழியில் நின்ற நோயாளிகள் கும்பிட்டார்கள். பல பேருக்கு விரல்கள் மடங்கி, கை பருந்தின் நகம் மாதிரி வளைந்து கிடந்தது.

"கை ஏன் இப்படி ஆகிறது? இதற்கு என்ன வைத்தியம்?" என்ற கேள்வி பிராண்டுக்கு எழுந்தது. காக்ரேனிடமே கேட்டுவிட்டார்.

காக்ரேன் சும்மா விடவில்லை. தான் தோலைப் பார்க்கிறவன் என்றும், எலும்பு டாக்டரான பிராண்ட்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றும் ஒரு போடு போட்டார். இத்தனை லட்சம் பேர் முடமாகிக் கிடக்க, ஒரு எலும்பு டாக்டராவது எட்டிப் பார்த்தது உண்டா என்றும் இடித்துக் காட்டினார்.

பிராண்டுக்குச் சுருக்கென்றது.

கையை நசுக்கிய நோயாளி

சற்றுத் தள்ளி ஒரு நோயாளி, செருப்பு வாரைக் கழற்ற முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தார். பிராண்ட் அவரிடம் போய்த் தன் கையைக் கொடுத்து, முடிந்த மட்டும் அழுத்தச் சொன்னார்.

அவ்வளவுதான்! வலி தாங்காமல் பிராண்ட் துடித்துப் போனார். செத்துப் போனதாக எல்லோரும் நினைத்த கையில் அத்தனை பலம்!

அப்படியென்றால், கையில் சில தசைகள்தான் செயலிழந்திருக்கின்றன. மற்றவை நன்றாகவே இருக்கின்றன. நல்ல தசையின் நாணை எடுத்து, செயலிழந்த இடத்தில் பொருத்தினால் விரல் நிமிராதா?

இந்த யோசனையோடு வேலூர் திரும்பிய பிராண்ட், 1948-ல் ஆபரேஷனைத் தொடங்கினார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. சாப்பாட்டைப் பிசைந்து உண்ணவும், பேனா பிடித்து எழுதவும் முடிந்தது.

உலகம் புகழ்ந்தது பிராண்டை. ஆனால் அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தவர் காக்ரேன். பால் பிராண்டின் பெயரைக் கேள்விப்பட்டவர்களில் பல பேருக்கு இவரைத் தெரியாது.

யார் இந்தக் காக்ரேன்?

1899-ல் சீனாவில் பிறந்தவர். தகப்பனார் தாமஸ் காக்ரேனும் டாக்டர்தான். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரில் டாக்டருக்குப் படித்தார் மகன். படிப்பு முடிந்ததும் 1924-ல் இந்தியாவுக்கு வந்தார். 1935-ல் திருமணி ஆஸ்பத்திரிக்குத் தலைமை டாக்டர் ஆனார்.

அந்தக் காலத்தில் தொழுநோய்க்கு இருந்த மருந்து நீரடிமுத்து எண்ணெய். அதைத்தான் ஊசியில் ஏற்றி, தோலுக்கு அடியில் போடுவார்கள். மாதக் கணக்கில் குத்து. வலியோ வலி. பலனோ அரைகுறை.

1941-ல் அமெரிக்காவில் சல்போன் இனத்து மருந்து ஒன்று பலன் கொடுத்தது. ஆனால் ரத்தக் குழாயில் ஏற்ற வேண்டிய மருந்து அது. விலையும் அதிகம். நம் ஊர் ஏழைக்கு எப்படிக் கட்டும்?

அதே இனத்தின் தாய் மருந்து ஒன்று உண்டு. பெயர் டாப்சோன். 1908-லேயே ஜெர்மனியில் தயாரானது. மனித உடம்பு தாங்காது என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். மாடுகளுக்கு வரும் மடிநோய்க்குத்தான் அது பயன்பட்டது.

மாட்டுக்குக் கொடுத்த மருந்தை மனிதனுக்குக் கொடுத்துப் பார்க்கத் துணிந்தவர் காக்ரேன். 1946 வாக்கில் அதைக் கடலை எண்ணெயில் கலந்து, அளவாக ஊசி போட்டார். நோயாளிகள் தாங்கினார்கள். தோலில் இருந்த தடிப்புகள் வற்றின.

பின்னர் ஆப்பிரிக்காவில் நைஜீரியாவில் வேலை பார்த்த டாக்டர் லோ, இதையே வில்லையாகக் கொடுக்கலாம் என்று காட்டினார். ஊசியும் போச்சு, செலவும் போச்சு.

தோல் டாக்டர் கையில் கல்லூரி

1944-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் காக்ரேன் முதல்வர் ஆனார். அப்போது கல்லூரி இருந்த நிலைமை கொஞ்சநஞ்சம் அல்ல.

டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-ல் பெண்களுக்காக ஆரம்பித்த பள்ளி அது. அதில் சொல்லிக்கொடுத்த பழைய டாக்டர் படிப்பை அரசாங்கம் நிறுத்திவிட்டது. இனி எம்.பி.பி.எஸ். நடத்த வேண்டும், அல்லது இழுத்து மூட வேண்டும். எம்.பி.பி.எஸ். நடத்தப் பெரிய பட்டம் பெற்ற பேராசிரியர்கள் வேண்டும். ஊர் ஊராக ஆள் தேடினார் காக்ரேன். லண்டனில் இருந்த பிராண்டை 1946-ல் வேலூருக்கு வரவழைத்ததும் இப்படித்தான்.

1947-ல் ஆண்களுக்கும் இடம் கிடைத்தது. கல்லூரி பிழைத்தது.

இதில் இன்னொரு விசேஷம் உண்டு. அதுவரை தொழுநோயாளி என்றால் ஊருக்கு வெளியே தனி ஆஸ்பத்திரி. பெரிய ஆஸ்பத்திரி வாசலில் அவரை ஏற்ற மாட்டார்கள். டாக்டருக்குப் படிக்கும் மாணவர், தொழுநோயாளி ஒருவரைக் கூடத் தொடாமலே பட்டம் வாங்கிப் போய்விடலாம்.

டாக்டரே தொட அஞ்சினால் ஊர் எப்படித் தொடும்?

தொழுநோய் டாக்டர் ஒருவரே கல்லூரி முதல்வராக வந்து உட்கார்ந்ததும், இந்த நோய் வகுப்பறைக்குள் வந்தது. தோல் டாக்டர் மட்டும் பார்த்தால் போதாது. கை, கால், கண், நரம்பு டாக்டர்கள் எல்லோருமே பார்க்க வேண்டிய நோய் என்ற எண்ணம் வேர் விட்டது.

அங்கே படித்தவர்தான் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. ஆனாலும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார் அந்த அம்மையார். ஒரு வாத்தியார் போட்ட விதை எங்கெல்லாம் முளைக்கிறது, பார்த்தீர்களா!

காக்ரேன் 1951-ல் லண்டனுக்குத் திரும்பினார். அங்கும் பாடம் சொல்வதை விடவில்லை. 1959-ல் அவர் வெளியிட்ட தொழுநோய் நூல் பல நாட்டு டாக்டர்களுக்கும் பாடப் புத்தகம் ஆயிற்று. 1985-ல் காலமானார்.

திருமணி ஆஸ்பத்திரியை 1955-ல் மத்திய அரசு ஏற்றது. மத்திய தொழுநோய் பயிற்சி ஆராய்ச்சி நிலையம் என்று பெயர் வைத்தது. அதே 1955-ல் வேலூர் பக்கம் கரிகிரியிலும் தொழுநோய் ஆராய்ச்சி ஆஸ்பத்திரி திறந்தார்கள்.

நமக்கு என்ன?

"இதெல்லாம் பழைய கதை. இப்போ எங்கே சார் தொழுநோய்?" என்று கேட்கலாம்.

இருக்கிறது! டாப்சோன் ஒன்றை மட்டும் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடுகிறது என்று 1964-ல் தெரிந்தது. அதனால் மூன்று மருந்து சேர்ந்த சிகிச்சையை 1981-ல் உலக சுகாதார நிறுவனம் சிபாரிசு செய்தது. அந்த மூன்றில் ஒன்று, இன்றைக்கும் காக்ரேன் ஊசியில் போட்ட அதே டாப்சோன்தான்.

2005 டிசம்பரில் இந்தியாவில் நோய் 10 ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழே போனது. ஆனாலும் 2022-ல் உலகத்தில் புதிதாகக் கண்டுபிடித்த நோயாளிகளில் பாதிக்கு மேல் நம் நாட்டவர்.

தொழுநோய் வந்தால் விவாகரத்து வாங்கலாம் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தோம். அதை நீக்கவே 2019-ம் ஆண்டு ஆயிற்று என்றால், ஊரின் பயம் எத்தனை ஆழம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பயத்தால்தான் பல பேர் நோயை மறைக்கிறார்கள். மறைக்க மறைக்க நரம்பு சாகிறது. விரல் மடங்குகிறது.

ஆகவே ஒரு வார்த்தை. உடம்பில் வெளிறியோ சிவந்தோ ஒரு தேமல். அரிப்பு இல்லை, வலி இல்லை. கிள்ளினால் உணர்ச்சியும் இல்லை. "தேமல்தானே, தானாப் போயிடும்" என்று சட்டைக் கையை இழுத்து மூடாதீர்கள். அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மருந்து இலவசம். 6 மாதம், நோய் முற்றியிருந்தால் 12 மாதம். முழுசாகக் குணமாகும்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு இந்த நோய் என்று தெரிந்தால்? ஒதுங்கிப் போகாமல், கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். திருமணித் தோட்டத்தில் ஒரு டாக்டர் கை கொடுத்ததால்தான் இத்தனையும் நடந்தது.