பதில் கிடைக்காத ஜெபம்: கிறிஸ்தவ மரபில் சமாதானத்தின் பொருள்

ஜெபத்தில் கேட்டது கிடைக்காதபோது ஒரு விசுவாசி அதை எப்படிப் புரிந்துகொள்வது, அந்நிலையில் மன அமைதி எங்கிருந்து வருகிறது என்பவை கிறிஸ்தவ இறையியலின் மிகப் பழைய கேள்விகள். தமிழில் சீர்திருத்தத் திருச்சபையினர் ‘ஜெபம்’ என்றும் கத்தோலிக்கர் ‘செபம்’, ‘மன்றாட்டு’ என்றும் வழங்குகின்றனர். சொல் எதுவானாலும் சிக்கல் ஒன்றுதான். கேட்பவர் பெறுவார் என்று இயேசு வாக்களித்ததை மத்தேயு நற்செய்தியின் 7ஆம் அதிகாரம் கூறுகிறது. ஆனால் நோய் தீர்வதில்லை. பிரிந்த குடும்பம் சேர்வதில்லை. கேட்டபடியே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

இந்த முரண்பாட்டை விவிலியம் மறைக்கவில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் (திருத்தூதர் பணிகள்) 12ஆம் அதிகாரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏரோது அகிரிப்பா மன்னன் செபதேயுவின் மகனான யாக்கோபை வாளால் கொல்கிறான். அடுத்துப் பேதுருவைச் சிறையில் அடைக்கிறான். சபை பேதுருவுக்காக ஊக்கமாக ஜெபிக்கிறது. அன்றிரவே தூதன் அவரை வெளியே கொண்டுவருகிறான். இருவருமே இயேசுவின் நெருங்கிய சீடர்கள். ஒருவர் ஏன் தப்பினார், மற்றவர் ஏன் தப்பவில்லை என்பதற்கு நூல் ஒரு காரணமும் சொல்லவில்லை. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. விடுதலையான பேதுரு வந்து கதவைத் தட்டியபோது, அவர் வந்திருப்பதாகச் சொன்ன ரோதை என்ற பணிப்பெண்ணை, உள்ளே ஜெபித்துக்கொண்டிருந்தவர்களே பைத்தியம் என்றார்கள். கேட்டது கிடைக்கும் என்று அவர்கள் எதிர்பார்த்திருந்ததாகவே தெரியவில்லை, ஆனாலும் கிடைத்தது.

விசுவாசம் போதாது என்ற குற்றச்சாட்டு

ஜெபம் பலிக்காதவரிடம் பெரும்பாலும் முதலில் சொல்லப்படுவது, “உனக்கு விசுவாசம் போதவில்லை” அல்லது “மறைந்திருக்கும் பாவம் ஏதோ இருக்கிறது” என்பதுதான். இதற்குச் சான்றாகக் காட்டத்தக்க வசனங்கள் இல்லாமலில்லை. தவறான நோக்கத்தோடு கேட்பது பற்றி யாக்கோபு நிருபத்தின் 4ஆம் அதிகாரமும், பாவம் மனிதரைக் கடவுளிடமிருந்து பிரிப்பது பற்றி ஏசாயா 59ஆம் அதிகாரமும் பேசுகின்றன. ஒருவர் தம்மைத் தாமே சோதித்துப் பார்க்க அவை உதவும். பிறருடைய துன்பத்துக்குக் காரணம் கண்டுபிடிக்க அவற்றைப் பயன்படுத்துவது வேறு செயல்.

யோபுவின் நண்பர்கள் செய்தது அதைத்தான். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் ஆகிய மூவரும் முதல் ஏழு நாள் யோபுவோடு தரையில் மௌனமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் சிறந்தது அந்த மௌனமே. பிறகு வாய் திறந்து, பாவமில்லாமல் இத்துன்பம் வராது என்று வாதிட்டார்கள். நூலின் கடைசி அதிகாரத்தில் கடவுள் கோபித்துக்கொள்வது அவர்களிடம்தான், புலம்பித் தீர்த்த யோபுவிடம் அல்ல. யோபுவுக்கும் காரணம் சொல்லப்படவில்லை. பூமியின் அடித்தளம், கடல், விண்மீன்கள், காட்டு விலங்குகள் என்று கேள்விகள் மட்டுமே அடுக்கப்படுகின்றன. தன் துன்பத்தின் பின்னணி என்ன என்பதை வாசகர் முதல் இரு அதிகாரங்களிலேயே அறிந்துவிடுகிறார். யோபுவோ கடைசிவரை அறிவதில்லை.

விசுவாசக் குறைவு என்ற பழி ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. நோயாளி ஒருவர் தம் விசுவாசத்தை நிரூபிக்க மருந்தை நிறுத்தினால் அது உயிரையே பறிக்கும். பிள்ளையை இழந்த தாய் தன் ஜெபம் போதவில்லை என்று நம்பினால், துக்கத்தோடு குற்ற உணர்வையும் சேர்த்துச் சுமப்பாள். எபிரேயர் நிருபத்தின் 11ஆம் அதிகாரம் இந்தப் பழிக்கு இடம் கொடுக்கவில்லை. சிங்கங்களின் வாயிலிருந்து தப்பியவர்களையும், வாளால் அறுப்புண்டு செத்தவர்களையும் அது ஒரே விசுவாசப் பட்டியலில் வைக்கிறது.

புலம்பலும் ஜெபமே

150 சங்கீதங்களில் (திருப்பாடல்களில்) மிகுதியாக உள்ள வகை புலம்பல்தான். 13ஆம் சங்கீதம் தொடக்கத்திலேயே, எவ்வளவு காலம் என்ற கேள்வியை நான்கு முறை எழுப்புகிறது. ஆறே வசனங்களுக்குள் நம்பிக்கைக்குத் திரும்பிவிடுகிறது. 88ஆம் சங்கீதம் அப்படித் திரும்புவதில்லை. இரவும் பகலும் கூப்பிட்டும் கடவுள் முகத்தை மறைத்துக்கொண்டார் என்று முறையிட்டு, இருளிலேயே முடிகிறது. ஆறுதலான ஒரு வரியைக் கடைசியில் சேர்க்க வேண்டும் என்று இதைத் தொகுத்தவர்களுக்குத் தோன்றவில்லை. முறையீடு முழுவதும் கடவுளை முன்னிலைப்படுத்தியே செய்யப்படுகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. கடவுளைப் பற்றிப் பிறரிடம் குறைகூறுவது வேறு, கடவுளிடமே குறைகூறுவது வேறு. இரண்டாவதில் உறவு இன்னும் அறுபடவில்லை.

கெத்செமனேயும் பவுலின் முள்ளும்

பதில் கிடைக்காத ஜெபத்தைக் கிறிஸ்தவர்கள் சிந்திக்கும்போதெல்லாம் வந்துசேரும் இடம் கெத்செமனே தோட்டம். கைதாவதற்கு முந்தைய அந்த இரவில், துன்பத்தின் பாத்திரம் தம்மைவிட்டு நீங்க வேண்டும் என்று இயேசு மூன்று முறை ஜெபித்தார் என்கிறது மத்தேயு 26ஆம் அதிகாரம். அது நீங்கவில்லை, மறுநாள் அவர் சிலுவையில் அறையப்பட்டார். ஆனால் எபிரேயர் 5ஆம் அதிகாரம், அவர் கண்ணீரோடு செய்த விண்ணப்பம் கேட்கப்பட்டது என்றே சொல்கிறது. கேட்கப்படுவதும் கேட்டபடி நடப்பதும் ஒன்றல்ல என்ற வேறுபாட்டை இந்த இடத்தில் விவிலியமே காட்டுகிறது. தந்தையின் சித்தத்துக்கு இயேசு ஒப்புக்கொடுத்ததைப் பலர் நினைவில் கொள்கிறார்கள். அதற்கு முன் தமக்கு வேண்டியதை அவர் ஒளிக்காமல் கேட்டார் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பவுலும் மூன்று முறை கேட்டார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில், தம் உடலில் ஒரு முள் கொடுக்கப்பட்டதாகவும் அது நீங்க மூன்று முறை வேண்டியதாகவும் எழுதுகிறார். அது கண்நோயா, வலிப்பா, மலேரியாவா, அல்லது தம்மை எதிர்த்த மனிதர்களா என்று உரையாசிரியர்கள் பலவாறு ஊகித்திருக்கிறார்கள். பவுல் பெயர் சொல்லாமல் விட்டதே நல்லதாயிற்று. எந்த வேதனையுள்ளவரும் அந்த இடத்தில் தம்மை வைத்துப் பார்க்க முடிகிறது. அவருக்குக் கிடைத்த பதில், முள் இருக்கும், அதைத் தாங்கும் கிருபை போதும் என்பது. அந்தப் பதிலைக் குறிக்கக் கிரேக்க மூலத்தில் வரும் வினைச்சொல், எப்போதோ சொல்லி முடிந்துபோனதை அல்ல, சொல்லப்பட்டு இன்றும் நிலைத்திருப்பதைக் குறிக்கும் வடிவில் உள்ளது.

இதை வைத்து, மூன்று முறைக்குமேல் கேட்கக் கூடாது என்று விதி செய்ய முடியாது. சோர்ந்துபோகாமல் கேட்டுக்கொண்டே இருந்த விதவையின் உவமையும் லூக்கா 18ஆம் அதிகாரத்தில் இருக்கிறது.

‘சமாதானம்’ என்ற சொல்

எபிரேயத்தின் ‘ஷாலோம்’ சண்டையில்லாத நிலையை மட்டுமல்ல, குறைவின்மையை, முழு நலத்தைக் குறிக்கும் சொல். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘சமாதானம்’ என்றும், கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியம் ‘அமைதி’ என்றும் வழங்கும். பேச்சுத் தமிழில் ‘சமாதானம் சொல்வது’ என்றால் ஏதோ காரணம் காட்டி ஒருவரை அடக்குவது. பவுல் சொல்லும் சமாதானம் அதற்கு நேர் எதிரானது. பிலிப்பியர் நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தில், விண்ணப்பங்களைக் கடவுளுக்குத் தெரியப்படுத்தினால் அறிவுக்கு எட்டாத ஒரு சமாதானம் இருதயத்தைக் காக்கும் என்கிறார். கேட்டது கிடைக்கும் என்று அந்த இடத்தில் அவர் சொல்லவில்லை. அறிவுக்கு எட்டாதது என்பதால் காரணம் புரிந்த பிறகு வருவதாகவும் அது இருக்க முடியாது. ‘காக்கும்’ என்பதற்கு அவர் எடுத்த சொல் படைவீரர் காவல் நிற்பதைக் குறிப்பது. இதை எழுதும்போது அவரே சிறைக் காவலில்தான் இருந்தார்.

டோனாவூரில்

சில ஜெபங்கள் மறுக்கப்பட்ட காரணம் பின்னாளில் விளங்குவதுண்டு. மகன் அகுஸ்தீன் ரோமுக்குக் கப்பலேறக் கூடாது என்று மோனிக்கா அழுது ஜெபித்தார். அவனோ தாயை ஏமாற்றிவிட்டுப் போனான். அந்தப் பயணம்தான் அவனை மிலானில் ஆயர் அம்புரோசியுவிடம் கொண்டுசேர்த்தது. 387இல் அங்கே ஞானஸ்நானம் பெற்றான். பிற்காலத்தில் தமிழகத்தில் பணியாற்றிய ஏமி கார்மைக்கேல் (1867–1951), அயர்லாந்தில் சிறுமியாக இருந்தபோது தன் பழுப்புக் கண்கள் நீலமாக வேண்டும் என்று ஜெபித்து, விடிந்ததும் கண்ணாடியைப் பார்த்து ஏமாந்தாராம். இந்தியாவில் வாழ அந்தப் பழுப்புக் கண்களே பொருத்தமாயின என்று ஞாயிறு பள்ளிகளில் கதை முடியும்.

இத்தகைய கதைகள் எளிதில் பரவுகின்றன, ஏனெனில் அவற்றுக்கு முடிவு உண்டு. ஏமியின் பிற்கால வாழ்க்கைக்கு அப்படி ஒரு முடிவு இல்லை. திருநெல்வேலிப் பகுதியின் டோனாவூரில், கோவில்களுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த சிறுமிகளுக்கும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் இல்லம் நடத்திவந்த அவர், 1931 அக்டோபர் 24 அன்று கீழே விழுந்து காலை முறித்துக்கொண்டார். குணமாகி எழுந்துவிடுவார் என்றே இல்லத்தார் ஜெபித்தார்கள். அவரோ இறக்கும்வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகளைப் பெரும்பாலும் அறைக்குள்ளேயே வலியோடு கழித்தார். 1933இல் வெளிவந்த அவருடைய ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’, நோயாளி ஒருவர் நோயாளிகளுக்கு எழுதிய நூல். உடல்நலமுள்ளவர் எழுதும் ஆறுதல் வார்த்தைகள் படுக்கையில் கிடப்பவரை எவ்வளவு தொலைவில் விட்டுவிடுகின்றன என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய கவிதை ஒன்று, துயரத்தை மறப்பதிலும் ஓயாத வேலையிலும் ஒதுங்கி வாழ்வதிலும் வேறுவழியின்றிப் பணிவதிலும் அமைதியைத் தேடித் தோற்று, ஏற்பில் அதைக் கண்டடைகிறது. பணிதலையும் ஏற்றலையும் அவர் வேறுபடுத்துவது இக்கட்டுரைப் பொருளுக்கு முக்கியமானது. முன்னதில் மனம் கதவைச் சாத்திக்கொள்கிறது. பின்னதில் திறந்தே இருக்கிறது.

இந்த அமைதி எப்போதும் உணர்வாக வருவதும் இல்லை. அன்னை தெரேசாவின் தனிப்பட்ட கடிதங்கள் 2007இல் நூலாக வந்தபோது, கொல்கத்தாவில் பணி தொடங்கிய காலம் முதல் பல பத்தாண்டுகள், 1958இல் ஒரு சிறு இடைவெளி தவிர, கடவுளின் நெருக்கத்தையே அவர் உணரவில்லை என்பது தெரியவந்தது. அவர் ஜெபத்தை விட்டுவிடவில்லை. அந்த இருளையும் தம் பணியின் பகுதியாகக் காண ஆன்ம வழிகாட்டியான ஒரு இயேசு சபைக் குரு உதவினார்.

சொந்தச் சொற்கள் வற்றிப்போனவர்களுக்குத் திருச்சபைகள் தருவது பெரும்பாலும் பிறர் எழுதிவைத்த சொற்களையே. கத்தோலிக்கத் திருப்புகழ்மாலையில் வெள்ளிக்கிழமை இரவு மன்றாட்டுக்குரிய பாடல் 88ஆம் சங்கீதம். அன்று மகிழ்ச்சியாக இருப்பவரும், ஜெபித்து ஓய்ந்தவரும், இருளில் முடியும் அதே பாடலைச் சொல்லிவிட்டுத்தான் உறங்கப் போகிறார்கள்.